மெடிக்கலில் விற்கிற மாத்திரைக்கு ஏன் கைது? வேலூர் சாலைகளில் போலீசுக்குத் தேவைப்படும் பயிற்சி

"வலி நிவாரணி மாத்திரைகளுடன் வாலிபர்கள் கைது" என்று காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து செய்தி வந்தால் படிப்பவர்கள் குழம்புவது நியாயம்தான். மெடிக்கலில் பில் போட்டு விற்கிற பொருள், டாக்டரே எழுதிக் கொடுக்கிற பொருள், அதை வைத்திருந்ததற்கு ஏன் கைது? கைதானவர்களில் சிலருக்குச் சீக்கிரம் ஜாமீன் கிடைக்கிறது, சிலர் மாதக் கணக்கில் உள்ளேயே இருக்கிறார்களே, அது எதனால்? அதே செய்தியின் கடைசியில் போலீசாருக்கு இது பற்றிப் பயிற்சி தரப்படும் என்று ஒரு வரி இருந்தால், மாத்திரை பிடிக்கக்கூடத் தனியாகப் பயிற்சியா என்றும் தோன்றும்.

வேண்டும், அதுவும் நிறையவே வேண்டும். கஞ்சாவைப் பார்த்தாலே அது என்ன, குற்றமா இல்லையா என்று தெரிந்துவிடும். மாத்திரையில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரே அட்டை ஒருவர் கையில் மருந்து, இன்னொருவர் கையில் குற்றத்தின் தடயம், இரண்டையும் பிரிப்பது அதோடு வருகிற காகிதம்தான். அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியாத போலீஸ்காரர் நோயாளியைப் பிடிப்பார், விற்பவனை விடுவார், அப்படியே விற்பவனைப் பிடித்தாலும் வழக்கு கோர்ட்டில் நிற்காது. ஆஸ்பத்திரியை நம்பியே பாதி ஊர் ஓடுகிற வேலூரில் இந்தத் தவறுக்கு விலை அதிகம்.

மருந்து வழிமாறுவது என்றால் என்ன

தயாரிப்பாளர், டிப்போ (கம்பெனியின் கிடங்கு), ஸ்டாக்கிஸ்ட் (மொத்த வியாபாரி), மெடிக்கல், நோயாளி. ஒரு மாத்திரை போக வேண்டிய பாதை இவ்வளவுதான். ஒவ்வொரு படியிலும் லைசென்ஸ் இருக்கும், பில் இருக்கும். இந்தப் பாதையில் எந்த இடத்தில் ஓட்டை விழுந்தாலும் அதற்குப் பெயர் வழிமாற்றம். பொதுவாக ஓட்டை விழுகிற இடங்கள் இவை:

1. சீட்டு இல்லாமல் கவுன்டரில் கொடுப்பது. எல்லோருக்கும் தெரிந்தது இதுதான், ஆனால் அளவில் பெரியது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.
2. மொத்த வியாபாரத்தில் கசிவது. மூடிப்போன கடையின் பெயரில், அல்லது இல்லாத கடையின் பெயரில் பில் போட்டுப் பெட்டி பெட்டியாக வெளியே எடுப்பது. இங்கே ஒருமுறை நடக்கிற கசிவு, கவுன்டரில் பல மாதம் நடக்கிற கசிவுக்குச் சமம்.
3. போலிச் சீட்டு, பழைய சீட்டு, ஒரே சீட்டின் ஜெராக்ஸ் பத்துக் கடையில், ஒரே ஆள் நான்கு டாக்டரிடம் போய் ஒரே மருந்தை எழுதி வாங்குவது.
4. ஆஸ்பத்திரி வார்டிலிருந்து, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து காணாமல் போகிற ஊசி மருந்துகள்.
5. இணையத்தில் ஆர்டர் போட்டு, வேறு மாநிலத்திலிருந்து பார்சலில் வரவழைப்பது. பார்சலின் மேல் வேறு ஏதாவது பொருளின் பெயர் இருக்கும்.

சாலையில் வண்டியை நிறுத்தும் போலீஸ்காரர் பார்ப்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும்தான். பிடிபட்ட பையனிடம் இருபது மாத்திரை இருக்கலாம், ஆனால் அவனுக்கு அதைக் கொடுத்தவன், அவனுக்கும் கொடுத்தவன் என்று பின்னால் போகத் தெரிய வேண்டும். அதற்கான முதல் சான்று அந்த அட்டையிலேயே அச்சாகி இருக்கிறது.

ஓர் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால்

பயிற்சி வகுப்பில் சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்க வேண்டும் என்பேன். பின்பக்கம் திருப்பினால் பொடி எழுத்தில் எல்லாம் இருக்கும்.

ஆர்.எக்ஸ் என்ற குறி இருந்தால் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. இதற்கு ஷெட்யூல் ஹெச் என்று பெயர். அதே குறி சிவப்பில் இருந்து, எச்சரிக்கை வாசகம் சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தால் அது ஷெட்யூல் ஹெச் 1. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிற பட்டியல் இது, பல ஆன்டிபயாட்டிக்குகளும் காசநோய் மருந்துகளும் இருக்கும், கூடவே பழக்கமாகிவிடக்கூடிய அல்பிரசோலம், டையசிபாம், நைட்ரசிபாம், டிரமடால், கோடீன் போன்றவையும் இருக்கும். இவற்றை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும்: எழுதிக் கொடுத்த டாக்டர் யார், நோயாளி யார், எந்த மருந்து, எத்தனை. அந்தப் பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். என்.ஆர்.எக்ஸ் என்று சிவப்பில் இருந்தால் அந்த மருந்து போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வருகிறது. எக்ஸ்.ஆர்.எக்ஸ் என்றால் ஷெட்யூல் எக்ஸ், கெட்டமின் போன்றவை, அதற்கு டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்று கடையிலேயே 2 ஆண்டு இருக்க வேண்டும்.

அப்புறம் பேட்ச் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான மாத்திரைகளுக்குப் போடுகிற எண். இதுதான் விசாரணைக்கு உயிர். தயாரிப்பாளரிடம் கேட்டால் அந்த பேட்ச் எந்த டிப்போவுக்குப் போனது என்று சொல்வார், டிப்போ எந்த ஸ்டாக்கிஸ்டுக்கு என்று சொல்லும், ஸ்டாக்கிஸ்டின் பில்லில் எந்தக் கடை என்று இருக்கும். அதனால்தான் கள்ளத்தனமாக விற்பவர்கள் அட்டையை முழுதாகக் கையில் வைத்திருக்க விரும்புவதில்லை, பேட்ச் எண் அச்சான ஓரத்தை வெட்டிவிட்டு மீதியைத் துண்டு துண்டாகக் கொடுப்பார்கள். பையில் பேட்ச் எண் இல்லாத துண்டுகள் மட்டும் நிறைய இருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். ஆனால் நேர்மையான மெடிக்கலில் நாலு மாத்திரை கேட்டாலும் வெட்டித்தான் தருகிறார்கள், ஒரு துண்டை வைத்து மட்டும் முடிவுக்கு வரவும் கூடாது. கைப்பற்றும்போது எழுதுகிற பதிவான மகஜரில் "வெள்ளை நிற மாத்திரைகள் 40" என்று எழுதிவிட்டால் அங்கேயே பாதி வழக்கு போயிற்று. மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதி தேதி, அட்டை முழுதா வெட்டியதா, எல்லாம் எழுதிப் போட்டோவும் எடுக்க வேண்டும்.

இரண்டு சட்டம், இரண்டு அதிகாரம்

பொதுமக்களுக்கு மட்டுமல்ல, காவல் நிலையத்திலேயே அதிகம் குழப்பம் வருகிற இடம் இது.

முதல் சட்டம் 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம். சீட்டில்லாமல் விற்பது, லைசென்ஸ் இல்லாமல் விற்பது, பதிவேடு வைக்காதது எல்லாம் இதற்குள் வரும். இதன் நான்காவது அத்தியாயக் குற்றங்களில் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது. 2020 ஆகஸ்டில் அசோக் குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நடவடிக்கை எடுக்க வேண்டியவர் மருந்து ஆய்வாளர். போலீசுக்குத் தகவல் வந்தால் அவருக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டாவது 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், என்.டி.பி.எஸ். என்று எல்லோரும் சொல்வது. இதில் போலீசுக்கு நேரடி அதிகாரம் உண்டு. ஆனால் மருந்து அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருந்தால்தான். டிரமடாலை 2018 ஏப்ரலில்தான் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய மாதம் பிடிபட்டவருக்கும் பிந்தைய மாதம் பிடிபட்டவருக்கும் சட்டத்தின் முன்னால் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். டேபென்டடால் என்கிற இன்னொரு வலி நிவாரணி பல ஆண்டுகள் அந்தப் பட்டியலுக்கு வெளியிலேயே இருந்தது, இளைஞர்களிடம் பரவிய வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம். பட்டியலில் இல்லாத மருந்து பிடிபட்டால் போலீஸ் பாரதிய நியாய சன்ஹிதாவின் 123-ம் பிரிவுக்குப் போகிறது, அதாவது குற்றம் செய்யும் நோக்கத்தில் மயக்கம் தரும் பொருளைக் கொடுப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 328. ஆனால் அங்கே யார் யாருக்குக் கொடுத்தார், என்ன நோக்கம் என்று நிரூபிக்க வேண்டும், பையில் இருந்தது என்பது மட்டும் போதாது. வாங்கியவர் சிறுவர் என்றால் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ம் பிரிவும் இருக்கிறது, போதை மருந்தோ மனமயக்க மருந்தோ கொடுத்தவருக்கு 7 ஆண்டு வரை தண்டனை.

ஆகவே எஸ்.ஐ. தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி "இது என்ன மருந்து, இன்றைய தேதியில் எந்தப் பட்டியலில் இருக்கிறது?" என்பது. பட்டியல் அரசிதழ் அறிவிப்பால் மாறிக்கொண்டே இருக்கும், மூன்று வருடத்துக்கு முன் பயிற்சியில் கொடுத்த தாளை நம்ப முடியாது. மருந்து ஆய்வாளரின் போன் எண் நிலையத்தின் சுவரில் எழுதி இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

எடைக் கணக்கு: ஜாமீன் கிடைப்பதும் கிடைக்காததும்

என்.டி.பி.எஸ். சட்டம் குற்றத்தின் கனத்தை எடையால் அளக்கிறது. சிறு அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு என்று மூன்று தட்டு. டிரமடாலுக்கு 5 கிராம் வரை சிறு அளவு, 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. அல்பிரசோலத்துக்கு 5 கிராமும் 100 கிராமும். சிறு அளவு என்றால் ஓர் ஆண்டு வரை சிறை, வணிக அளவு என்றால் 10 முதல் 20 ஆண்டு. வணிக அளவில் 37-ம் பிரிவு குறுக்கே வந்து நிற்கும், குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால்தான் ஜாமீன்.

எதை எடை போடுவது, மாத்திரை முழுவதையுமா, அதற்குள் இருக்கிற மருந்தை மட்டுமா? 2008-ல் உச்ச நீதிமன்றம் மருந்தை மட்டும் என்றது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, கலந்திருக்கும் மற்றப் பொருளின் எடையும் சேர்த்துத்தான் கணக்கு என்றார்கள். மாத்திரை வழக்கில் இது என்ன செய்கிறது பாருங்கள். 50 மில்லிகிராம் டிரமடால் உள்ள மாத்திரையின் மொத்த எடை 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 மாத்திரையில் மருந்து மட்டும் 50 கிராம், இடைப்பட்ட அளவு. முழு மாத்திரையாகப் பார்த்தால் 300 கிராம், வணிக அளவு. அதே ஆள், அதே பை, பத்து ஆண்டு வித்தியாசம்.

எண்ணிக்கையை மட்டும் எழுதிவிட்டு எடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அல்லது அட்டையோடு சேர்த்து எடை போட்டால், ஒருவருடைய வாழ்க்கையே அந்தத் தவறில் மாறிவிடும். டிஜிட்டல் தராசு, அதன் சரிபார்ப்புச் சான்று, அட்டையிலிருந்து பிரித்த மாத்திரையின் எடை, மாதிரி எடுப்பதைக் குற்றவியல் நடுவர் முன்னிலையில் செய்வது (52ஏ பிரிவும் 2022-ம் ஆண்டு விதிகளும் சொல்வது இதைத்தான்), இவை எல்லாவற்றையும் கையால் செய்து பழக வேண்டும்.

வேலூரில் மட்டும் கூடுதலாக ஒரு கவனம்

சி.எம்.சி.க்கு, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, சிகிச்சை முடிந்ததும் காட்பாடி ஜங்ஷனில் ரயில் ஏறுவார்கள். திரும்ப வர ஆறு மாதம் ஆகலாம் என்பதால் டாக்டர் மாதக் கணக்குக்கு மருந்து எழுதித் தருவது சாதாரணம்.

வலிப்பு நோய்க்கோ பதற்றத்துக்கோ குளோனசிபாம் சாப்பிடுகிற ஓர் அம்மா என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்று, இரவு ஒன்று, மூன்று மாதத்துக்கு 180 மாத்திரை. குளோனசிபாம் என்.டி.பி.எஸ். பட்டியலில் உள்ள மருந்து. இரவு பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் பையைத் திறந்தால் பதினெட்டு அட்டை. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, காவலருக்கு வங்காளம் தெரியாது.

என்.டி.பி.எஸ். விதிகளில் 66-வது விதி இந்த அம்மாவுக்காகவே எழுதியது போல இருக்கிறது. சொந்த மருத்துவத் தேவைக்கு மனமயக்க மருந்து ஒரு நேரத்தில் 100 அலகு (மாத்திரை என்றால் 100 மாத்திரை) வரை வைத்திருக்கலாம். நீண்டகால சிகிச்சைக்கென்று பதிவுபெற்ற மருத்துவர் குறிப்பாக எழுதிக் கொடுத்திருந்தால் 300 வரை வைத்திருக்கலாம். ஆக அந்த 180 சட்டப்படி சரி, சீட்டு மட்டும் கையில் இருக்க வேண்டும். இந்த ஒரு விதியைத் தெரியாத காவலர் ரயிலைத் தவற விடச் செய்வார், மருந்தைப் பறிமுதல் செய்வார், அதற்கு மேலும் போகலாம். வலிப்பு நோயாளிக்கு இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, ரயிலிலேயே வலிப்பு வரலாம். புற்றுநோய் வலிக்கு மார்பின் சாப்பிடுகிறவர்கள் விஷயமும் இதே போலத்தான். 2014-ல் சட்டத்தைத் திருத்தி மார்பின் உட்பட சில மருந்துகளை அத்தியாவசிய போதை மருந்துகள் என்று தனியாகப் பிரித்ததே, வலியில் துடிக்கிறவர்களுக்கு அது கிடைக்காமல் போய்க்கொண்டிருந்தது என்பதால்தான். போலீஸ் பயத்தில் கடைக்காரர்களும் டாக்டர்களும் அந்த மருந்தையே தொடாமல் ஒதுங்கினால் நாம் பழைய இடத்துக்கே திரும்புவோம்.

இன்னொரு பக்கம், இதே கூட்டம்தான் வழிமாற்றம் செய்கிறவனுக்கு மறைவு. பழைய ஓ.பி. சீட்டு ஒன்று கையில் இருந்தால் போதும் என்று நினைப்பவனும் அதே தெருவில் இருப்பான். சீட்டின் தேதி, மருந்தின் அளவு, பில்லின் தேதி, பில்லில் உள்ள பேட்ச் எண்ணும் அட்டையில் உள்ள பேட்ச் எண்ணும் ஒன்றா, இந்த நான்கையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். யாரையும் அதட்ட வேண்டியதில்லை.

சாலையோரக் குற்றம் இதில் எங்கே வருகிறது

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை, 48-ம் எண், வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், வாலாஜா என்று போகிறது. ஆந்திர எல்லைக்குக் காட்பாடியிலிருந்து கிறிஸ்டியான்பேட்டை வழியாக ஒரு சாலை, குடியாத்தத்திலிருந்து பரதராமி வழியாக ஒன்று, பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா பக்கம் மலை ஏறி ஒன்று. நெடுஞ்சாலையோரம் இரவில் லாரிகள் வரிசையாக நிற்கும். அங்கே நடக்கிற குற்றங்களும் தெரிந்தவைதான்: தார்ப்பாயைக் கிழித்துச் சரக்கு எடுப்பது, டீசல் திருட்டு, தூங்கும் ஓட்டுநரிடம் போனும் பணமும் பறிப்பது, ஊருக்குள் பைக்கில் வந்து செயின் அறுப்பது.

மாத்திரைக்கு அடிமையானவர் எல்லோரும் வழிப்பறி செய்கிறார்கள் என்று சொல்வது பொய், அநியாயமும்கூட. பெரும்பாலானவர்கள் தங்களையும் தங்கள் வீட்டையும் அழித்துக்கொள்கிறவர்கள். ஆனால் இரண்டு தொடர்பு உண்மையானது. தினமும் பணம் தேவைப்படுகிற ஒரு பழக்கம் சிலரைச் செல்போன் பறிப்புக்குத் தள்ளுகிறது. அப்புறம், மாத்திரை கைமாறுகிற இடமும் திருட்டுச் சரக்கு கைமாறுகிற இடமும் பல நேரம் ஒன்றேதான்: பாலத்தடி, சர்வீஸ் ரோடு, மூடிய தாபாவின் பின்பக்கம். ஆகவே ரோந்துக் காவலர் இரண்டையும் தனித்தனிக் கண்ணால் பார்க்க முடியாது.

சட்டத்தில் இதற்கு என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பறிப்பு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ம் பிரிவில் தனிக் குற்றம், 2024 ஜூலைக்கு முன் அப்படி இல்லை. வழிப்பறி 309. அதையே நெடுஞ்சாலையில் சூரியன் மறைந்து உதிப்பதற்குள் செய்தால் தண்டனை 14 ஆண்டு வரை போகும்.

2019-ல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. வாணியம்பாடியில் ஏறிய வண்டி இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று மாவட்டப் போலீசையும் தாண்டிப் போய்விடும். ஒரு மாவட்டத்தில் பிடிபட்ட பேட்ச் எண் அடுத்த மாவட்டத்துக்குத் தெரியாவிட்டால், ஒரே ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கசிந்த மாத்திரை மூன்று தனித்தனிச் சின்ன வழக்காகவே முடிந்துபோகும்.

வண்டியை நிறுத்திய பிறகு: வழக்கு உடைகிற இடங்கள்

என்.டி.பி.எஸ். வழக்குகள் சாட்சி இல்லாததால் மட்டும் தோற்பதில்லை, நடைமுறையில் தோற்பவை ஏராளம். சாலையில் நிற்கிறவர் தெரிந்திருக்க வேண்டியவை:

1. பஸ்ஸும் சொந்தக் காரும் ஒன்றல்ல. பொது இடத்திலும் பொதுப் போக்குவரத்திலும் 43-ம் பிரிவு. தனியார் வாகனம் சாலையில் நின்றாலும் அது பொது இடம் ஆகாது, 42-ம் பிரிவுதான் என்று 2021-ல் பூட்டா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலையே செய்தது. 42 என்றால் கிடைத்த தகவலை எழுத்தில் பதிய வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும்.

2. உடலைச் சோதிக்கும் முன் 50-ம் பிரிவு. அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கக் கேட்பது உங்கள் உரிமை என்று அந்த நபரிடம் சொல்லியாக வேண்டும். 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைக் கட்டாயம் என்றது. "எங்களிடமே சோதித்துக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா?" என்று மட்டும் கேட்டு ஒரு அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்குவது இதற்கு ஈடாகாது. கைப்பைக்கும் பெட்டிக்கும் இது பொருந்தாது, உடம்பில் தரித்திருப்பதற்கு மட்டும். பெண்ணைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும், ரோந்து வண்டியில் பெண் காவலர் இல்லை என்பது காரணம் ஆகாது.

3. வீடியோ. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ம் பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து நடுவருக்கு அனுப்ப வேண்டும். இரவில், மழையில், ஹெட்லைட் வெளிச்சத்தில் போனைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்வது கற்றுக்கொள்ள வேண்டிய வேலை.

4. வாக்குமூலத்தை நம்பி நிற்காதீர்கள். நம் மாநிலம் எதிர்த்தரப்பாக இருந்த தூஃபான் சிங் வழக்கில், 2020-ல், என்.டி.பி.எஸ். 67-ம் பிரிவில் விசாரணை அதிகாரி வாங்கிய ஒப்புதலை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பாகிவிட்டது. போன் பதிவு, பணப் பரிமாற்றம், பார்சல் ரசீது, பேட்ச் எண், இவைதான் நிற்கும்.

எதற்காக நிறுத்துவது என்பது இதைவிட முக்கியம். முடி வெட்டு, பச்சை குத்தியது, எந்தக் காலனிப் பையன் என்பது எல்லாம் சந்தேகத்துக்குக் காரணம் ஆகாது. நம்பர் பிளேட் மறைத்த வண்டி, நிற்காத இடத்தில் நின்று ஆள் மாறி ஆள் வந்து போவது, கேட்ட கேள்விக்கு இருவர் சொல்லும் பயணக் கதை பொருந்தாதது, இவை காரணம். இந்த வகைப் பயிற்சியைப் பெரிய அளவில் வளர்த்த அமெரிக்காவிலேயே, போக்குவரத்து விதிமீறலுக்காக நிறுத்திய வண்டியை மோப்ப நாய் வரும்வரை காரணமில்லாமல் காக்க வைக்கக் கூடாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 2015-ல் ரொட்ரிகஸ் வழக்கில் சொல்ல வேண்டி வந்தது. பயிற்சி பெற்ற போலீஸ் எல்லை மீறாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊதிப் பார்த்தால் தெரியாத போதை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ம் பிரிவு சாராயத்துக்கு அளவு சொல்கிறது, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். மருந்துக்கு அளவு எதுவும் இல்லை, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தால் குற்றம் என்று மட்டும் இருக்கிறது. ஊதுகிற கருவி மாத்திரையைக் காட்டாது. அப்போது காவலரின் கவனிப்புதான் கருவி: கண்மணி சுருங்கியிருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, நேராக நடக்க முடிகிறதா. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் 1970-களில் தொடங்கிய முறை ஒன்று உண்டு, பன்னிரண்டு படியில் கண், நாடித்துடிப்பு, சமநிலை எல்லாம் பார்த்துக் கடைசியில் ரத்த அல்லது சிறுநீர்ப் பரிசோதனையோடு முடியும். நாமும் அந்தக் கடைசிப் படி வரை போக வேண்டும், அதாவது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51-ம் பிரிவின் கீழ் மருத்துவரிடம் கூட்டிப் போய் மாதிரி எடுப்பது. பார்வைக் கணிப்பு மட்டும் போதாது, ஏனென்றால் சர்க்கரை குறைந்தவரும் வலிப்பு வந்து தெளிந்தவரும் பார்ப்பதற்கு அதே மாதிரிதான் இருப்பார்கள்.

மூச்சு மெதுவாகி, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கி, தட்டினாலும் எழாமல் கிடந்தால் அது வழக்கு இல்லை, உயிர்ப் பிரச்சினை. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும், என்ன மாத்திரை என்று தெரிந்தால் அட்டையை ஆம்புலன்சில் கொடுக்க வேண்டும். டிரமடால், மார்பின் போன்ற ஓபியாய்டு வகை என்றால் அதை முறிக்கும் நலாக்சோன் ஊசி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. லாக்கப்பில் வைத்தவருக்கும் இதே கவனம் வேண்டும், தூக்க மாத்திரைப் பழக்கம் உள்ளவருக்கு அது திடீரென்று நின்றால் வலிப்பு வரலாம், நடிக்கிறான் என்று விட்டுவிடக் கூடாது.

பயிற்சியை எப்படி நடத்துவது

ஒரு நாள் கருத்தரங்கு, ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ என்று முடிந்தால் பயன் இல்லை. மருந்து ஆய்வாளர், தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறவர், அரசு வக்கீல், மனநல மருத்துவர், நான்கு பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். விடுதலையில் முடிந்த ஐந்து தீர்ப்புகளை எடுத்து, எந்த வரியில் எந்தத் தாளில் வழக்கு உடைந்தது என்று எஸ்.ஐ.களே கண்டுபிடிக்க வேண்டும். ஏட்டுகளையும் இரண்டாம் நிலைக் காவலர்களையும் விட்டுவிடக் கூடாது, ராத்திரியில் வண்டியை நிறுத்துவது அவர்கள்தான். வங்காளம், இந்தி, தெலுங்கில் பத்து வாக்கியம் அச்சடித்த ஓர் அட்டை காட்பாடியிலும் கிறிஸ்டியான்பேட்டையிலும் இருந்தால் பெரிய உதவி.

எத்தனை மாத்திரை பிடித்தோம் என்பதை வைத்துப் பயிற்சியின் பலனை அளந்தால், போலீஸ் சின்னப் பையன்களையே தேடிப் போகும். எத்தனை வழக்கில் ஸ்டாக்கிஸ்ட் வரை, அந்த இல்லாத கடையின் பில் வரை போனோம் என்று அளக்க வேண்டும். அடிமையாகி, சிறு அளவோடு பிடிபட்டவர் தானாகவே சிகிச்சைக்கு வந்தால் என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவின் கீழ் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. இதை அவர் வீட்டாரிடம் சொல்வதும் எஸ்.ஐ.யின் வேலைதான், அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்தில் இருந்தும் பல குடும்பங்களுக்குத் தெரியாமலே போகிறது.

மருந்தோடு பயணம் செய்கிறவர்களுக்கு

சீட்டின் ஒரிஜினலும் போனில் அதன் படமும் இருக்கட்டும். மெடிக்கல் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது. அட்டையை முழுதாக வாங்குங்கள், மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள். மனமயக்க வகை மருந்து 100-க்கு மேல் என்றால், எத்தனை மாதத்துக்கு என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். போதை விற்பனை பற்றித் தகவல் சொல்ல தமிழ்நாட்டில் 10581, மத்திய அரசின் எண் 1933. பழக்கத்திலிருந்து மீள உதவி கேட்க 14446.